அம்மாவின் இம்ப்ளான்ட் பல்லுக்கு எந்த கேப், எந்த அபட்மென்ட்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டது இப்படி. அம்மாவுக்கு 61 வயது. கீழ்த்தாடையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்து மூன்று மாதம் ஆகிவிட்டது, அடுத்த வாரம் அளவு எடுக்கப் போகிறார்கள். டாக்டர் இரண்டு விலை சொல்லியிருக்கிறார். ரெடிமேட் அபட்மென்ட் (கேப்பைத் தாங்குகிற நடுத்துண்டு) மேல் சிமென்ட் வைத்து ஒட்டுகிற செராமிக் கேப் ஒரு விலை, கஸ்டம் அபட்மென்ட்டோடு ஸ்க்ரூ போட்டு முறுக்குகிற சிர்கோனியா (பல் நிறத்தில் வருகிற கெட்டியான செராமிக் வகை) கேப் அதைவிடக் கணிசமாக அதிகம். இந்த வித்தியாசம் உண்மையா, இல்லை பணம் பிடுங்கும் வேலையா?

நான் டாக்டர் இல்லை. பல் லேபில் 20 வருஷத்துக்கு மேலாக கேப் செய்கிறவன், அதில் பாதிக் காலத்துக்கும் மேல் இம்ப்ளான்ட் வேலைதான். வாயைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேப் உடைந்து, கழன்று, ஈறு வீங்கித் திரும்பி வருகிற வேலையெல்லாம் கடைசியில் எங்கள் மேஜைக்குத்தான் வரும், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வித்தியாசம் உண்மைதான். கையில் இருக்கிற பணத்தில் முதல் பங்கை ஈறுக்கு அடியில் மறைந்திருக்கப் போகிற பாகத்துக்கு ஒதுக்குங்கள், வெளியே தெரிகிற கேப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சிர்கோனியாவா, எத்தனை வருஷ வாரன்டி என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு அபட்மென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இம்ப்ளான்ட் பல் மூன்று துண்டு. எலும்புக்குள் போகிற டைட்டானிய ஸ்க்ரூ, அதுதான் வேர். அதன் மேல் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிற கழுத்து, அதைத்தான் அபட்மென்ட் என்கிறோம். அதற்கு மேல் மெல்லுகிற தலை, கேப். வேர் எலும்போடு ஒட்டுமா என்ற சந்தேகமெல்லாம் பழைய கதை. ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1950-களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது எலும்போடு ஒன்றிப்போய் வரவே இல்லை, 1965-ல் அதை முதல் நோயாளியின் தாடையில் வைத்தார், அதிலிருந்து கணக்கில்லாத வாய்களில் பரிசோதித்துத் தேறிய விஷயம் இது. இன்று தகராறு எல்லாம் கழுத்தில்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் தலை முன்பின்னாக சுமார் 11 மி.மீ. அகலம், ஈறுக்குள் நுழையும் கழுத்தில் 9 மி.மீ. மேலிருந்து பார்த்தால் அது வட்டம் கிடையாது, ஓரங்கள் மழுங்கிய சதுரம் மாதிரி இருக்கும். அம்மாவுக்கு வைத்திருக்கிற இம்ப்ளான்ட் 4 முதல் 5 மி.மீ.க்குள் ஏதோ ஒன்றாக இருக்கும், அது சுத்தமான வட்டம். இந்த 4 மி.மீ. வட்டம் ஈறு என்கிற சின்ன உயரத்துக்குள் 9 மி.மீ. சதுரமாக விரிந்தாக வேண்டும். ரெடிமேட் அபட்மென்ட் கம்பெனியிலிருந்தே வட்டமாகக் கடைந்து வருகிறது, விட்டம் 4.5, 5.5 என்றும், ஈறு உயரம் 1, 2, 3 மி.மீ. என்றும் சைஸ் போட்டு, செருப்புக் கடையில் நம்பர் பார்த்து எடுப்பது போல. அது ஒல்லியாக மேலே வந்து நிற்கும், அதன் மேல் பெரிய கடைவாய்ப்பல் தலையை வைத்தால் காளான் மாதிரி ஆகிவிடும். குடைக்கு அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம். முருங்கைக்காய் நார், கீரை, மட்டன் நார் எது சாப்பிட்டாலும் அங்கே போய் உட்காரும், பிரஷ் உள்ளே போகாது. "இம்ப்ளான்ட் வைத்ததிலிருந்து அந்தப் பக்கம் சாப்பாடு மாட்டிக்கொண்டே இருக்கிறது" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிப்பேருக்கு கேப்பில் ஒரு குறையும் இருக்காது, கழுத்தில்தான் இருக்கும்.

கஸ்டம் அபட்மென்ட் என்றால் இந்த விரிவை அந்த வாய்க்கென்றே வடிவமைப்பது. அளவு வந்ததும் நாங்கள் மாடல் ஊற்றுகிறோம், ஈறு இருக்கும் இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு சிலிக்கான், கையால் அழுத்தினால் நிஜ ஈறு மாதிரியே அமுங்கும். அதில் ஹீலிங் கேப், அதாவது ஈறு ஆறும்வரை இம்ப்ளான்ட் மேல் மாட்டி வைக்கிற தற்காலிக மூடி, விட்டுப்போன வட்டத் துளை தெரியும். பக்கத்துப் பற்களின் கழுத்து எங்கே இருக்கிறது, ஈறு வெளிப்பக்கம் எவ்வளவு உயரம், நாக்குப் பக்கம் எவ்வளவு என்று பார்த்து அந்தத் துளையைச் சுற்றிப் பென்சிலால் பல்லின் கழுத்தை வரைவேன். இப்போது இதெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது, ஆனாலும் வேலை அதேதான். ஈறு 1 மி.மீ.தான் இருக்கிறது என்றால் அந்த அகலத்துக்கு விரிய இடம் போதாது, திடீரென்று பிதுங்கும், அதுவும் கெடுதல். 3 மி.மீ. ஆழம் இருந்தால் நிதானமாக விரித்துக்கொண்டு வரலாம். ஆக இம்ப்ளான்ட்டை எந்த ஆழத்தில் வைத்தார்கள் என்பதே பாதியை முடிவு செய்துவிடுகிறது, மீதிப் பாதிதான் எங்கள் கையில்.

அடுத்தது சிமென்ட். என்னைக் கேட்டால் வடிவத்தைவிடப் பெரிய பிரச்சினை இதுதான். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேரின் மேல் குறுக்காகக் குத்தி நட்டுக்கொண்டு நிற்கும், அது ஒரு வேலி. இம்ப்ளான்ட்டில் நார்கள் அதை ஒட்டிப் படுத்துக்கிடக்கும், நட்டுக்கொள்ளாது. கேப்புக்குள் சிமென்ட் வைத்து அழுத்தும்போது மிச்சம் எங்கே போகும்? தடுக்க வேலி இல்லாததால் நேராகக் கீழே, எலும்பு வரைக்கும். ரெடிமேட் அபட்மென்ட்டில் கேப்பின் விளிம்பு எங்கே வர வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, பல நேரம் ஈறுக்கு 2, 3 மி.மீ. அடியில் போய்விடும், அங்கே வழிந்த சிமென்ட்டை எப்பேர்ப்பட்ட டாக்டராலும் முழுசாகச் சுரண்டி எடுக்க முடியாது. 2009-ல் தாமஸ் வில்சன் என்ற அமெரிக்க ஈறு நிபுணர், சிமென்ட் வைத்து ஒட்டிய இம்ப்ளான்ட்களில் ஈறு கெட்டுப்போனவற்றைச் சின்ன எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்தார். அதில் 81 சதவீதத்தில் சிமென்ட் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுத்ததும் பெரும்பாலானவை குணமாகிவிட்டன.

படிக்கும்போது இது வெறும் எண். எனக்கு இது புரிந்தது வேறு விதமாக. நான் செய்துகொடுத்த ஒரு கேப் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது, கேப் மட்டும் வரவில்லை, அபட்மென்ட்டும் எலும்பிலிருந்து கழன்ற இம்ப்ளான்ட்டும் சேர்ந்து ஒரே துண்டாக. கேப்பில் ஒரு கீறல் இல்லை, நிறம் போட்டபடியே இருந்தது. அதன் விளிம்புக்குக் கீழே மெழுகுவர்த்தி வழிந்து காய்ந்தது போல மஞ்சளாக ஒரு சிமென்ட் வளையம், இம்ப்ளான்ட்டின் முதல் இரண்டு மரை வரைக்கும் இறங்கியிருந்தது. அந்த விளிம்பை ஈறுக்கு அவ்வளவு அடியில் வைத்தது நான்தான். வந்த அபட்மென்ட்டின் காலர், அதாவது ஈறுக்குள் நிற்கிற பகுதி, குட்டை, போன் போட்டு மாற்றச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தத் துண்டை இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுவேன்.

அதனால் அம்மாவுக்கு ஸ்க்ரூ போட்டு முறுக்குகிற வகையையே கேளுங்கள். அதில் கேப்பும் அபட்மென்ட்டும் வாய்க்கு வெளியே, லேபிலேயே ஒன்றாக ஒட்டப்படும், வழிந்த சிமென்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துத் துடைத்துப் பாலிஷ் போட்டுவிடலாம். வாய்க்குள் ஒரே துண்டாகப் போகும், நடுவில் ஒரு துளை, அது வழியாக மூக்குத்திக்குத் திருகாணி போடுவது போல் ஸ்க்ரூவை முறுக்கி, மேலே கொஞ்சம் டெஃப்லான் டேப் அடைத்து, பல் நிற காம்போசிட்டால் மூடிவிடுவார்கள். உற்றுப் பார்த்தால் மெல்லும் பரப்பில் ஒரு பொட்டு தெரியும், அவ்வளவுதான். அப்புறம் என்ன ஆனாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும், பீங்கான் பெயர்ந்தாலும், பக்கத்தில் இடைவெளி விழுந்தாலும், அந்த அடைப்பைத் தோண்டி, கழற்றி, சரிசெய்து, திரும்ப மாட்டலாம். சிமென்ட்டில் ஒட்டியது அடியில் தளர்ந்தால் கேப்பை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

இம்ப்ளான்ட் சாய்ந்திருந்தால் துளை கன்னப் பக்கமோ முன்பக்கமோ வந்து அசிங்கமாகத் தெரியும், அப்போதுதான் பலர் சிமென்ட்டுக்குப் போகிறார்கள். இப்போது 25 டிகிரி வரை துளையைத் திருப்பித் தருகிற அபட்மென்ட்கள் சில கம்பெனிகளில் கிடைக்கின்றன, ஆனால் அதற்குத் தனி ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், விலையும் கையைக் கடிக்கும். கீழ்க் கடைவாயில் பெரும்பாலும் அந்தப் பாடு தேவைப்படாது. அளவு எடுத்ததும் "துளை எங்கே வருகிறது டாக்டர்?" என்று கேளுங்கள், நடுப்பள்ளத்தில் வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சரி, கஸ்டம் என்ற ஒரே பெயரில் வேறு வேறு சரக்கு விற்கிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய முறை, மெழுகில் வடித்து உலோகத்தை உருக்கி வார்ப்பது. யூசிஎல்ஏ அபட்மென்ட் என்பார்கள், 1980-களின் கடைசியில் வந்தது. அடிப்பாகம் கம்பெனி கடைந்த தங்கக் கலவையாக இருந்தபோது அது அருமையான பொருள், நம் ஊரில் விலைக்காக முழுக்க பிளாஸ்டிக் குழலை வைத்து நிக்கல் குரோமியத்தில் வார்த்துவிடுகிறார்கள். இம்ப்ளான்ட்டில் போய் உட்கார்கிற அறுகோண முனையே அப்போது வார்ப்பில் வந்ததாகிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் கம்பெனியில் கடைந்த அளவுக்குப் பொருந்தாது. சரியாகப் பொருந்தாத இடத்தில் ஸ்க்ரூதான் முழுப் பாரத்தையும் வாங்கும், தளரும், கடைசியில் முறியும். இதைக் கஸ்டம் என்று சொல்லித் தந்தால் வேண்டாம், அதைவிட ரெடிமேட்டே மேல்.

இரண்டாவது, பிரிமில் டைட்டானியம். ஒரு டைட்டானியக் கட்டை, அடிமுனை மட்டும் தொழிற்சாலையிலேயே கடைந்தது, மேல்பாகத்தை மட்டும் நாங்கள் மெஷினில் வாய்க்குத் தகுந்தபடி செதுக்குவோம். மூன்றாவது, டைபேஸ். சின்ன டைட்டானிய அடி, அதன் மேல் சிர்கோனியாவில் கழுத்தும் தலையும் சேர்த்து ஒரே துண்டாகச் செய்து ஒட்டுவது. அம்மாவுக்கு எனக்குச் சரியென்று படுவது இந்த மூன்றாவதுதான். கழுத்து வடிவம் நாம் நினைத்தபடி வரும், ஈறு சிர்கோனியாவோடு நன்றாக ஒத்துப்போகும், இம்ப்ளான்ட்டைத் தொடுவது டைட்டானியம், விலையும் முழு டைட்டானியக் கஸ்டத்தைவிடக் குறைவாகவே வரும். அடிமுனை வரை முழுக்க சிர்கோனியாவில் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் கடைவாயில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது டைட்டானிய இம்ப்ளான்ட்டை விடக் கடினமான பொருள், நாளாக நாளாக உட்புறத்தைத் தேய்த்துவிடும்.

டைபேஸில் ஒரு பலவீனம் உண்டு, ஒட்டு விட்டுப்போவது. மேல்பல்லுக்கும் கீழ் ஈறுக்கும் இடையே நிறைய உயரம் இருக்கும்போது 3 மி.மீ. குட்டை டைபேஸை வைத்து அதன் மேல் நெட்டையாக கேப் கட்டினால் நெம்புகோல் மாதிரி ஆடி ஒட்டுக் கழலும். இடம் அனுமதிக்கிற அளவு உயரமான டைபேஸ், டைட்டானியத்துக்கு மணல் அடிப்பு, சிர்கோனியாவின் உட்புறத்துக்கும் மெல்லிய மணல் அடிப்பு, எம்டிபி என்கிற ஒட்டுப்பிடிக்க வைக்கும் ரசாயனம் உள்ள பிரைமர், அப்புறம் ரெசின் சிமென்ட், இது ஐந்தும் ஒழுங்காக நடந்தால் பயமில்லை. இந்த வேலையை லேப் செய்கிறதா, கிளினிக்கிலேயே செய்கிறார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று தெரியும்.

பட்ஜெட் நிஜமாகவே இடிக்கிறது என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. ரெடிமேட் அபட்மென்ட்டே இருக்கட்டும், கேப்பின் நடுவில் ஸ்க்ரூ துளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். டாக்டர் வாய்க்குள் அபட்மென்ட்டைப் பொருத்தி கேப்பை வைத்துச் சரிபார்த்து, பிறகு இரண்டையும் வெளியே எடுத்து ஒட்டி, சிமென்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, ஒரே துண்டாக முறுக்கிவிடலாம். லேபுக்குச் செலவு கொஞ்சம்தான் கூடும். கழுத்து வடிவம் கஸ்டம் அளவுக்கு வராது, ஆனால் சிமென்ட் பயம் போய்விட்டது, கழற்றவும் முடியும். இம்ப்ளான்ட் நடுவில் நேராக நின்று ஈறும் 1, 2 மி.மீ.தான் இருக்கிறது என்றால் இதுவே தாராளமாகப் போதும்.

கேப் விஷயம் சுருக்கமாக. டாக்டர் செராமிக் என்று சொன்னது உள்ளே உலோகம், மேலே பீங்கான் பூசியதாக இருக்கும், பிஎஃப்எம் என்பார்கள். இம்ப்ளான்ட் மேல் அது பெயர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைவாய்க்கு முழுக்க ஒரே சிர்கோனியா, மேலே பீங்கான் பூச்சு இல்லாதது. அதிலும் வகை உண்டு. கடைவாய்க்குப் போடுகிற பழைய கெட்டி வகை 1000 மெகாபாஸ்கலுக்கு (வலிமையை அளக்கிற கணக்கு) மேல் தாங்கும், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற அழகு வகை கிட்டத்தட்ட அதில் பாதிதான். வெள்ளையாக மின்னுவதைக் காட்டி ஆசைப்பட வைப்பார்கள், கடைவாயில் யாரும் பார்க்கப் போவதில்லை, கெட்டியையே கேளுங்கள். மெல்லும் பரப்பைக் கண்ணாடி போலப் பாலிஷ் போடச் சொல்லுங்கள், வெறும் கிளேஸ் பூச்சு தேய்ந்துபோனால் உள்ளிருக்கும் சொரசொரப்பு எதிர்ப் பல்லை அரம் போலத் தேய்க்கும். வாரன்டி கார்டு என்பது பெரும்பாலும் கேப் உடைந்தால் வேறு கேப், அவ்வளவுதான், ஈறுக்கும் எலும்புக்கும் அதில் ஒரு வரி கூட இருக்காது.

முன்பல்லாக இருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். அங்கே ஈறு 2 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிழல் ஈறு வழியாகத் தெரியும், சிர்கோனியாக் கழுத்து கட்டாயம், கஸ்டம் இல்லாமல் செய்யவே கூடாது என்பேன்.

கேப் மாட்டுகிற நாளன்று கவனிக்க வேண்டியது. இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கும். இம்ப்ளான்ட்டுக்கு மெத்தை கிடையாது, 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் இறுக்கிக் கடிக்கும்போது மற்ற பற்கள் அமுங்கி, இம்ப்ளான்ட் மட்டும் எல்லாப் பாரத்தையும் தாங்கும். அதனால் மெதுவாகக் கடித்தால் மெல்லிய ஃபாயில் தாள் நழுவி வர வேண்டும், இறுக்கிக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். அம்மா முதல் சில நாள் "அந்தப் பல் படவே மாட்டேங்குது" என்பார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும், உயர்த்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

ஸ்க்ரூவை டார்க் ரெஞ்ச் (முறுக்குகிற விசையை அளந்து காட்டுகிற கருவி) வைத்து முறுக்குகிறார்களா என்றும் பாருங்கள். கையால் முறுக்கினால் போதாது, கம்பெனியைப் பொறுத்து 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் வரை கணக்கு இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை அதே அளவுக்கு முறுக்க வேண்டும், முதல் தடவையில் மரைகள் ஒன்றோடொன்று படிந்து பிடிப்பு கொஞ்சம் குறைந்துவிடும். முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே. பின்னாளில் கேப் லேசாக ஆடினாலோ அந்த இடத்தில் நாற்றம் வந்தாலோ அன்றே போக வேண்டும், தளர்ந்த ஸ்க்ரூவோடு ஒரு மாதம் மென்றால் அது உள்ளே முறிந்துவிடும், முறிந்த துண்டை எடுப்பது பெரும்பாடு.

கடைசியாக, ஒரு பைசா செலவில்லாத விஷயம். இம்ப்ளான்ட்டின் கம்பெனி, மாடல், விட்டம், லாட் நம்பர் எல்லாம் டப்பாவில் ஸ்டிக்கராக வரும், ஒன்றை அம்மாவின் ஃபைலில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்த ஒருவருடைய கேப் இங்கே கழன்றது, எந்தக் கம்பெனி என்று அவருக்கும் தெரியாது, வைத்த கிளினிக்கும் மூடிவிட்டது. எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டரும் நானும் மரை வடிவத்தைப் பார்த்து ஊகித்தோம், 1.2, 1.25, 1.27 மி.மீ. என்று மூன்று டிரைவரையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அந்த நூலிழை வித்தியாசத்தில் தப்பான டிரைவரைப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். இரண்டு வாரம் போய்விட்டது. அபட்மென்ட் அதே கம்பெனியுடையதா, இல்லை அதற்குப் பொருந்தும் என்று வேறொருவர் செய்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள். முடிந்தவரை அசல், முடியாவிட்டால் ஸ்க்ரூவாவது அசல்.

அடுத்த வாரம் போகும்போது ஹீலிங் கேப்பைச் சுற்றி ஈறு எப்படி இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சிவந்து வீங்கியிருந்தாலோ பிரஷ் பட்டால் ரத்தம் வந்தாலோ அன்றைக்கு அளவு எடுக்க வேண்டாம், வீக்கத்தோடு எடுத்த அளவுக்குச் செய்த அபட்மென்ட் கழுத்து, வீக்கம் வடிந்ததும் வெளியே தெரியும். நன்றாகச் சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து எடுக்கலாம், நஷ்டமில்லை. ஸ்டிக்கர் கிடைத்ததும் அதில் உள்ள கம்பெனி பெயரும் விட்டமும் இங்கே எழுதுங்கள், அதற்கு எந்தெந்த உயரத்தில் டைபேஸ் கிடைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.